தொழிலாளர் சட்டம்: ஆன்லைன் இறுதித் தேர்வு, ஓபன் புக். பழைய சட்டமா, புது லேபர் கோடா? எப்படித் தயாராவது?

நிலா_எச்ஆர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எச்ஆர் பிரிவில் இருக்கிறேன். வேலைக்கு நடுவே தொலைநிலைக் கல்வியில் தொழிலாளர் சட்டத்தில் முதுநிலை டிப்ளமோ சேர்ந்தேன். அடுத்த மாதம் இறுதித் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். மூன்று மணி நேரம், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். புத்தகம், குறிப்பு, கணினியில் சேமித்த பிடிஎஃப் எல்லாம் பார்க்கலாம், இணையத்தில் தேடக் கூடாது. ஐந்து கேள்விகள், மூன்று "சம்பவம் கொடுத்து ஆலோசனை சொல்" வகை. விடையைத் தேர்வுத் தளத்திலேயே தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டச்சு செய்ய வேண்டும்.

என் சிக்கல் இதுதான். பாடப்புத்தகம் முழுக்க 1947 தொழில் தகராறுகள் சட்டம், 1926 தொழிற்சங்கச் சட்டம், 1972 பணிக்கொடைச் சட்டம். வகுப்பில் சார் "அதெல்லாம் போச்சு, இப்போ நாலு லேபர் கோடுதான்" என்கிறார், அதாவது புதுச் சட்டத்தொகுப்புகள். மாதிரி வினாத்தாளில் ரெண்டும் கலந்து கிடக்கிறது. எதைப் படிப்பது?

இன்னொன்று. ஆபீஸில் யாராவது வந்து "இவரை நிறுத்தினா என்ன கொடுக்கணும்" என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். அதையே கேள்வியாகப் பார்த்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். குறிப்பு என்னமோ மலை மாதிரி சேர்ந்துவிட்டது. எழுதிப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

---

ரெண்டாவது_டிகிரி எழுதியது:

நிலா, நானும் இதே மாதிரி தேர்வு எழுதித் தேறியவள்தான். சட்டம் பற்றி இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நான் கணினிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

முதல் வேலையாக உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பிடிஎஃபையும் திறந்து "ஆட்குறைப்பு" என்றோ அதற்கான ஆங்கிலச் சொல்லையோ தேடிப் பாருங்கள். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம், தேடினால் ஒன்றும் வராது. தமிழ்ப் பாடப் பிடிஎஃபில் இன்னொரு கூத்து உண்டு. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் செய்திருந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடலுக்குத் தெரியாது. தேர்வு நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். சட்ட மூலங்களை அரசின் இந்தியா கோட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், தேட முடியும். இறக்கியதில் அத்தியாயத்துக்கு ஒரு புக்மார்க் போட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் தேர்வுத் தளத்தின் மாதிரித் தேர்வில் உங்கள் விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில தளங்கள் முழுத்திரையைப் பூட்டிவிடும், மொழி மாற்றும் குறுக்குவிசை வேலை செய்யாது. பூட்டுகிற தளமாக இருந்தால் உங்கள் பிடிஎஃபையே திறக்க முடியாது, அப்போது அச்செடுத்த தாள்தான் துணை. இதை இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேமராவில் தாளைப் புரட்டுவது தெரியும். "குறிப்பு அனுமதி" என்று சொன்ன அறிவிப்பையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் யாராவது எச்சரிக்கை அனுப்பினால் காட்டலாம்.

ஏஐ செயலிகளிடம் கேட்டுக் குறிப்பு தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கொடுக்கும் வழக்குப் பெயர்களை மூலத்தில் பார்க்காமல் குறிப்பில் ஏற்றாதீர்கள். இல்லாத தீர்ப்புக்கு அழகான பெயரும் வருடமும் பக்க எண்ணும் போட்டுத் தரும்.

---

வாய்தா_வக்கீல் எழுதியது:

அம்மா நிலா, தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளி பக்கமும் நின்றிருக்கிறேன், நிர்வாகத்தின் பக்கமும் நின்றிருக்கிறேன். ஒரு சட்டக் கல்லூரியில் வாரக் கடைசியில் வகுப்பு எடுப்பதால் விடைத்தாள் திருத்தும் தண்டனையும் உண்டு. அந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பழையதா புதியதா என்பதற்கு உங்கள் சார் சொன்னதும் பாதி சரி, புத்தகமும் பாதி சரி. நாலு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஊதியச் சட்டத்தொகுப்பு 2019ல் இயற்றியது. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மூன்றும் 2020. மத்தியச் சட்டங்கள் 29 இவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த பணிநீக்கம் அன்றைய சட்டத்தின்படி எழுந்த தகராறு. அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். ஆகவே கேள்வித்தாளில் சம்பவம் வந்தால் நீங்கள் முதலில் தேட வேண்டியது தேதி. தேதியைப் பேனாவால் வட்டம் போடாத மாணவனின் விடையை ரெண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு உதாரணம் போதும். பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் அத்தியாயம் 5பி, 100 தொழிலாளர் இருந்தாலே அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு கூடாது என்றது. தொழிலுறவுத் தொகுப்பின் பத்தாம் அத்தியாயத்தில் அந்த எண்ணிக்கை 300. இடையில் 180 பேர், 250 பேர் இருக்கும் ஆலைகள் எல்லாம் ஒரே இரவில் அனுமதி தேவைப்படாத பக்கம் போய்விட்டன. கேள்வி போடுகிறவருக்கு இதைவிட வசதியான கண்ணி கிடைக்காது. நானே போட்டிருக்கிறேன்.

தேதியே இல்லாமல் கேள்வி வந்தால்? "சம்பவம் 21.11.2025க்குப் பின் நடந்ததாகக் கொள்கிறேன்" என்று ஒரு வரி. முடிவு மாறும் இடம் இருந்தால் மட்டும் "முந்தைய சட்டமாயின்" என்று இன்னொரு வரி. எல்லாப் பிரிவுக்கும் பழையது புதியது என்று இரட்டைப் பட்டியல் போடாதீர்கள், நேரம் போய்விடும். எந்தச் சட்டத்தை அடிப்படையாக வைத்துத் திருத்துவார்கள் என்று படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வகுப்பில் வாயால் சொன்னது மறுமதிப்பீட்டுக்கு உதவாது.

அப்படியானால் பழைய தீர்ப்புகள் வேஸ்டா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய சொற்றொடர்கள் பெரும்பாலும் அப்படியே புதுத் தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. சொல் மாறாத இடத்தில் தீர்ப்பும் கூடவே வருகிறது. 1947 சட்டத்தின் 25எஃப் பிரிவில் உள்ள நிபந்தனைகளை நிறைவேற்றாத ஆட்குறைப்பு செல்லாது என்று 1960ல் ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில் சொன்னார்கள். அந்த 25எஃப்தான் இப்போது பெரும்பாலும் அதே உருவில் தொழிலுறவுத் தொகுப்பின் 70ஆம் பிரிவு.

சொல் மாறிய இடம்தான் ஆபத்து. "தொழில்" என்பதன் வரையறையைப் பாருங்கள். 1978 பெங்களூர் வாட்டர் சப்ளை வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வில் கிருஷ்ண அய்யர் எழுதிய மும்முனைச் சோதனையை எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள்: முறையான செயல்பாடு, முதலாளி தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைக்கான பொருளோ சேவையோ. அதன்படி மருத்துவமனையும் கல்விக்கூடமும், அறக்கட்டளை நிறுவனங்கள் பலவும் உள்ளே வந்தன. 1982ல் வரையறையைச் சுருக்கித் திருத்தம் கொண்டுவந்தார்கள், அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தவே இல்லை. இப்போது தொழிலுறவுத் தொகுப்பின் 2(p), முழுமையாகவோ கணிசமாகவோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களையும், அரசின் இறைமைப் பணிகளையும், வீட்டு வேலையையும் வெளியே வைத்துவிட்டது. எனவே அறக்கட்டளை மருத்துவமனை நர்ஸ் பற்றிக் கேள்வி வந்தால் மும்முனைச் சோதனையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி மதிப்பெண்தான். சோதனையை எழுதி, "கணிசமாக" என்ற சொல் இந்த மருத்துவமனைக்குப் பொருந்துமா, கட்டணம் எவ்வளவு வாங்குகிறது, இலவசச் சிகிச்சை எவ்வளவு என்று சம்பவத்துக்குள் இறங்க வேண்டும்.

அடுத்தது உங்கள் இரண்டாவது கஷ்டம், எங்கே ஆரம்பிப்பது. நீங்கள் ஆபீஸில் "என்ன கொடுக்கணும்" என்பதிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அது கடைசிக் கேள்வி. தேர்விலும் கோர்ட்டிலும் வரிசை வேறு. இவர் யார்? எங்கே, எத்தனை பேரில் ஒருவர்? எப்போது நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் என்ன நடந்தது, அதற்குச் சட்டத்தில் என்ன பெயர், என்ன பரிகாரம் என்று போக வேண்டும்.

"யார்" என்பதில்தான் நிறைய நேரம் செலவிடத் தகும். பதவிப் பெயரை நம்பாதீர்கள். எஸ்.கே. மைனி வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் பார்த்தது அவர் முதன்மையாகச் செய்த வேலை என்ன என்பதை. 1957 தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கைத் தேடிப் படியுங்கள், சுவாரசியமானது. உப்பளத்தில் உப்பு விளைவித்தவர்கள் குடும்பத்தோடு வேலை செய்தார்கள், தங்களுக்கு உதவியாக ஆளும் வைத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் (1973) தையற்காரர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. ஆனால் தையல் இயந்திரம் கடையுடையது, சரியில்லாததைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கடைக்காரருக்கு. கடைக்கும் அவர்களுக்கும் முதலாளி தொழிலாளி உறவு இருக்கிறது என்றார்கள். இன்றைக்குச் செயலியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனைப் பற்றிக் கேட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள், விடை தானாக நடக்கும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கிக் தொழிலாளருக்கு, அதாவது வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கு, தனி வரையறை இருக்கிறது, அக்ரிகேட்டர் (செயலியை நடத்தும் நிறுவனம்) ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் பங்களிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அது சமூகப் பாதுகாப்புக்கு மட்டும். பணிநீக்கப் பாதுகாப்பை அது கொடுத்துவிட்டதாக எழுதாதீர்கள்.

வழக்கை எழுதும் முறை: சம்பவம் ஒரு வரி, முடிவு ஒரு வரி, உடனே "இங்கே" என்று ஆரம்பித்து உங்கள் கேள்விக்குத் திரும்புங்கள். எட்டு வழக்குப் பெயரை வரிசையாக அடுக்குவது திருத்துகிறவரைக் கவரும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

குறிப்பு மலையைப் பற்றி. புத்தகம் திறந்து எழுதும் தேர்வில் எல்லாம் பக்கத்தில் இருக்கும், ஆனால் அரிசி மூட்டைக்கு நடுவே பசியோடு உட்கார்ந்திருப்பவர் கதைதான். உலை வைக்கத் தெரியணும். அந்த மலையை ஒரே தாளில் அடக்குங்கள். அதில் விளக்கம் வேண்டாம். சொல், பழைய பிரிவு, புதுப் பிரிவு, ஒரு வழக்கு, பக்க எண். அவ்வளவுதான். உதாரணமாக: ஆட்குறைப்பு நிபந்தனை, 25எஃப், 70, ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா. கடைசியில் வந்தவர் முதலில் வெளியே, 25ஜி, 71. முன் அனுமதி, 25என், 79. இந்தத் தாளைத் தயாரிக்கிற வேலையே பாதித் தயாரிப்பு, அதனால் வேறொருவர் செய்ததை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தொழிற்சாலை, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் சராசரியாக 180 தொழிலாளர்கள். முருகன் ஒன்பது முழு வருடம் வேலை பார்த்தவர். நியமனக் கடிதத்தில் "சூப்பர்வைசர்". ஊதியம் மாதம் 24,000 ரூபாய். காலையில் ஆறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பார், மற்ற நேரமெல்லாம் தானே லேத்தில் நிற்பார். விடுப்பு தரவோ நடவடிக்கை எடுக்கவோ அதிகாரம் இல்லை. 2026 ஜனவரி 5 அன்று ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தைக் கணக்கில் போட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்த இருவர் அதே லேத் பிரிவில் தொடர்கிறார்கள். முருகனுக்கு ஆலோசனை சொல்க. இதே சம்பவம் 2025 அக்டோபரில் நடந்திருந்தால்?

நாற்பது நிமிடம் வைத்து எழுதி இங்கே போடுங்கள்.

---

மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

வக்கீல் சார் இருக்கும்போது நான் என்ன சொல்ல. நான் சங்கத்துக்காரன், இந்தப் படிப்பைச் சங்க வேலைக்காகவே முடித்தேன். அவர் தொடாத ரெண்டு மூணு இடம் மட்டும்.

வேலைநிறுத்தம் கட்டாயம் வரும் தோழர். பழைய சட்டத்தில் முன்னறிவிப்புக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைக்குத்தான், 22ஆம் பிரிவு. புதுத் தொகுப்பின் 62, எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் 14 நாள் முன்னறிவிப்பு என்கிறது. அதோடு, ஒரே நாளில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். இந்த வரையறையை எங்களை மாதிரி ஆட்களை மனசில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைப்பேன், ஆனால் விடைத்தாளில் அதை எழுத முடியாது. கேள்வியில் "கூட்டு விடுப்பு" என்று பார்த்தால் முதலில் சதவீதத்தைக் கணக்குப் போடுங்கள். 200 பேரில் 96 பேர் என்று கொடுப்பார்கள். 48 சதவீதம். வரையறைக்கு வெளியே.

வேலைநிறுத்தம் உரிமையா என்று கட்டுரை கேட்டால் 1962 அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கும், 2003ல் நம்ம அரசு ஊழியர்கள் போராட்டத்தில் வந்த ரங்கராஜன் வழக்கும் வேணும். முதலாவது, சங்கம் சேரும் அடிப்படை உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்றது. இரண்டாவது, அரசு ஊழியர் பற்றியது. அதைத் தனியார் ஆலைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைக்காதீர்கள். சட்டம் நிபந்தனையோடு அனுமதிக்கும்போது சட்டபூர்வ உரிமை இருக்கிறது என்பதுதான் என் வாதம். அப்படித்தான் எழுதினேன், தேறினேன்.

வரலாறு கேட்டால் நம்ம பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) மில்லை விட்டுவிடாதீர்கள். 1918 ஏப்ரல் 27, மெட்ராஸ் லேபர் யூனியன். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினால் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகக் குற்றம் சாட்டலாம் என்ற நிலை. அந்த அடிதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலாகி, 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. அந்தச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் எதற்கு என்பதை இந்தக் கதையோடு சேர்த்தால் மறக்காது.

இன்னொன்று, தமிழ்நாட்டு மாணவர் என்றால் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம்: 24 மாதத்தில் 480 நாள். ஆட்குறைப்பில் வரும் 240 நாளோடு குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் நிறைய. 240 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று எங்கள் தொழிலாளர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தொடர்ச்சியான பணி என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான்.

---

நிலா_எச்ஆர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிடிஎஃப் சோதனை செய்தேன், என்னிடம் இருந்ததில் பாதி தேட முடியாதது! ஒருங்கிணைப்பாளருக்கும் மின்னஞ்சல் போட்டாச்சு.

வக்கீல் சார், என் விடை இதோ. தட்டச்சு வேகமாக அடித்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முருகன் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர். தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2(இசட்ஆர்) பிரிவின்படி மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர் தொழிலாளி ஆக மாட்டார். முருகன் பெறுவது 24,000. எனவே அவர் தொழிலாளி அல்லர். ஆட்குறைப்பு விதிகள் பொருந்தா. நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளம் தரப்பட்டுவிட்டதால் அவருக்கு வேறு பரிகாரம் இல்லை. 2025 அக்டோபரில் நடந்திருந்தால் உச்சவரம்பு 10,000, அப்போதும் அவர் தொழிலாளி அல்லர். எனவே முடிவில் மாற்றமில்லை."

எங்கள் ஆபீஸில் இப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் நாற்பது நிமிட விடை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

---

வாய்தா_வக்கீல் எழுதியது:

உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். இருபதுக்கு ஆறு போடுவேன். பிரிவும் தொகையும் சரி, இரண்டு தேதிக்கும் இரண்டு உச்சவரம்பை எடுத்தது நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வியில் "லேத்தில் நிற்பார்", "அதிகாரம் இல்லை" என்ற வரிகளை ஏன் போட்டேன்? கேள்வித்தாளில் சும்மா ஒரு வரியும் இருக்காது. விடை எழுதி முடித்ததும் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் பயன்படுத்தாத வரி ஒன்று மிச்சம் இருந்தால் அங்கே மதிப்பெண் மிச்சம் இருக்கிறது.

நான் எழுதினால் இப்படிப் போகும்.

யார்: கடிதத்தில் சூப்பர்வைசர். ஆனால் முதன்மை வேலை லேத் ஓட்டுவது, அது கைத்திறன் வேலை. வேலை பிரித்துக் கொடுப்பது துணை வேலை. விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் இல்லை. மைனி வழக்குப்படி முதன்மை வேலையே அளவுகோல். மேற்பார்வைப் பணியில் இருப்பவருக்குத்தான் 18,000 வரம்பு. கைவேலை செய்பவருக்கு ஊதிய வரம்பே கிடையாது. எனவே 24,000 என்பது பொருட்டில்லை, முருகன் தொழிலாளி.

எத்தனை பேர், எப்போது: 180 பேர், 2026 ஜனவரி. 300க்குக் கீழே என்பதால் முன் அனுமதி வேண்டாம், 79 பொருந்தாது. ஆனால் 70 பொருந்தும். ஒரு வருடத் தொடர்ச்சியான பணி முடித்தவருக்குக் காரணம் சொல்லி எழுத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கான ஊதியம். ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. அரசுக்கு அறிவிப்பு. இங்கே கொடுத்தது ஒரு மாதச் சம்பளம் மட்டும். இழப்பீடு அந்த நேரத்திலேயே தரப்படவில்லை. ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கின்படி இந்த ஆட்குறைப்பு செல்லாது. மேலும், பின்னால் வந்த இருவர் அதே பிரிவில் தொடர்வது 71க்கு முரண், காரணத்தைப் பதிவு செய்திருந்தாலொழிய.

என்ன கிடைக்கும்: இப்போதுதான் உங்களுக்குப் பிடித்த கேள்வி. இழப்பீடு, 24,000ல் பாதி 12,000, ஒன்பது வருடம், 1,08,000 ரூபாய். பணிக்கொடை, 24,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி 9ஆல் பெருக்கினால் 1,24,615 ரூபாய். ரெண்டிலும் "15 நாள்" என்றுதான் இருக்கிறது, வகுக்கும் எண் வேறு. பணிக்கொடைக்குச் சட்டமே 26 என்கிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அந்த 26ஐக் கொண்டுவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதோடு 83ஆம் பிரிவின் மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க வைத்த நிதி) கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாள், 45 நாளுக்குள் அவர் கணக்கில் வர வேண்டும். இது புதுத் தொகுப்பில் மட்டும் உள்ளது, எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

செல்லாத ஆட்குறைப்பு என்றால் மீண்டும் வேலை கேட்கலாம், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின் ஊதியம் கேட்கலாம், தீபாலி குண்டு சுர்வசே வழக்கு (2013). தானாகவே கிடைத்துவிடும் என்று எழுதாதீர்கள். பிஎஸ்என்எல் எதிர் புருமால் (2014) மாதிரி வழக்குகளில் தினக்கூலி ஆட்களுக்கு வேலைக்குப் பதில் ஒட்டுமொத்தத் தொகை கொடுத்திருக்கிறார்கள். முருகன் தினக்கூலி இல்லை, ஒன்பது வருட நிரந்தர ஆள் என்று வேறுபடுத்திக் காட்டுங்கள். சமரச அலுவலரிடம் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பழைய 2ஏ பிரிவில் நேரடியாக நீதிமன்றம் போக மூன்று வருடம் இருந்தது.

2025 அக்டோபர் என்றால்: 180 பேர், 100க்கு மேல். 25என். மூன்று மாத முன்னறிவிப்பு, முன் அனுமதி. அனுமதியே கேட்கவில்லை, எனவே ஆட்குறைப்பு ஆரம்பத்திலிருந்தே சட்டவிரோதம், பணியில் இருந்தது போல் எல்லாப் பலனும் உண்டு. மூன்று மாதத்தில் முடிவு இப்படித் தலைகீழாகிறது, நீங்கள் "மாற்றமில்லை" என்று முடித்துவிட்டீர்கள்.

கடைசியாக மாற்று வாதம். தீர்ப்பாயம் அவரைத் தொழிலாளி இல்லை என்றே முடிவு செய்தாலும் பணிக்கொடை போகாது. அதற்கு "பணியாளர்" என்ற அகன்ற வரையறை, ஐந்து வருடம் முடிந்திருக்கிறது. "வேறு பரிகாரம் இல்லை" என்று எழுதியதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்தை ஒரு வாக்கியத்தில் காணாமல் போக்கினீர்களே அம்மா.

---

நிலா_எச்ஆர் எழுதியது:

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் ஆலையில் "சூப்பர்வைசர்" என்று கடிதம் கொடுத்து மெஷினில் நிற்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அது தேர்வுக்குப் பிறகு!

ஒரே ஒரு சந்தேகம். பணிக்கொடைக்கு எடுக்கும் "ஊதியம்" எது? எங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் கம்மி, அலவன்ஸ்தான் அதிகம். கேள்வியில் மொத்தச் சம்பளம் மட்டும் கொடுத்தால்?

---

வாய்தா_வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி. புது வரையறையில் ஊதியம் என்றால் அடிப்படை, பஞ்சப்படி, தக்கவைப்புப் படி. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்து மாதிரியானவை வெளியே. ஆனால் வெளியே வைத்தவற்றின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்துக்குள் திரும்பி வந்துவிடும். மொத்தம் 40,000, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, படிகள் 26,000 என்று வையுங்கள். பாதி 20,000. தாண்டியது 6,000. ஊதியம் 20,000 என்று கணக்கு. பணிக்கொடை, ஓய்வூதியம் மாதிரி பணி முடிவில் தருபவற்றை அந்தப் படிகள் பட்டியலில் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துத் தராமல் மொத்தத் தொகை மட்டும் கொடுத்திருந்தால் "இதையே ஊதியமாகக் கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போடுங்கள். அடுத்த கணக்கு வேலைநிறுத்தத்தில். மூன்றாம் ஷிஃப்ட் தோழர் போடட்டும், நான் திருத்துகிறேன்.

---

மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

போட்டாச்சு சார். 240 பேர் உள்ள ஆலை. போனஸ் பேச்சுவார்த்தை முறிந்தது. பிப்ரவரி 2 அன்று சங்கம் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கிறது. பிப்ரவரி 11 அன்று 130 பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு வரவில்லை. நிர்வாகம் எட்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கிறது, மூன்று பேரைச் சஸ்பெண்ட் செய்கிறது. அந்த மூன்று பேரில் ஒருவர் அன்றைக்கு உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் இருந்தார், சீட்டு இருக்கிறது. சங்கத்துக்கு ஆலோசனை சொல்லுங்க தோழர் நிலா. வருடம் 2026.